தூக்கும், திருப்பாது

அடைக்கலராஜை எங்கள் தெருவில் யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது. மாதா கோயில் திருவிழாவில் தேரின் முன் தண்டுக்குத் தோள் கொடுப்பவர் அவர்தான். பின்னால் தூக்கி வருபவர்களைத் திரும்பிப் பார்த்து, "சோறு தின்னுட்டுத்தான வந்தீங்க?" என்று கேட்பார். தேர் இறங்கும்வரை அந்த வாய் ஓயாது.

நாற்பது வயதைத் தாண்டியவர். சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். பாரம் தூக்குவது, பைப் கழற்றுவது, வால்வு திறந்து மூடுவது அவர் வேலை. ஜோடியாக வேலை செய்தவன் அன்பரசு. போன வருஷம் அன்பரசு முதுகு பிடித்துக் குனிய முடியாமல் நின்றபோது, கான்ட்ராக்டர் வைத்திலிங்கத்தின் முன்னாலேயே அடைக்கலராஜ் சிரித்தார். "முதுகும் இல்ல, மண்ணும் இல்ல சார். வேலைன்னா இவனுக்கு எங்கயாவது வலிக்கும்." வைத்திலிங்கம் அன்பரசுக்கு லீவு தரவில்லை. சில மாதத்துக்குச் சாக்கடை வேலைக்கு மாற்றிவிட்டார். அன்பரசு அதை மறக்கவில்லை.

இந்தக் கோடையில் பழைய மோட்டார் ஒன்றை இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கும் பட்டையைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அன்பரசு பக்கத்துப் பட்டை அறுந்தது. அடைக்கலராஜின் வலது முழங்கை மடங்கியிருந்தது. மொத்த எடையும் அதில் விழுந்து கையை வெடுக்கென்று நீட்டிவிட்டது. முழங்கைக்குள் ஏதோ அறுந்த சத்தம் அவருக்கே கேட்டதாம். அங்கு வேறு யாரும் இல்லை.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்பரசை அப்படிச் சொன்ன வாயால் "எனக்கு வலிக்குது" என்று எப்படிச் சொல்வார்? வீட்டில் மனைவி பெலிசியா கேட்டதற்கும், "உன் வேலையப் பாரு" என்றார்.

வலி குறைந்தது. ஆனால் கையின் உருவம் மாறிவிட்டது. மேல்கைத் தசை தோள் பக்கமாக ஏறி, பந்து போல் உருண்டு நின்றது. பார்ப்பவர்களுக்குக் கை இன்னும் பெரிதாகிவிட்டது போலத்தான் இருக்கும். அந்தக் கையால் அவரால் வால்வை மூட முடியவில்லை. திறக்க முடிந்தது, மூடும் பக்கம் திருப்பினால் கை சுழலவில்லை. வைத்திலிங்கம் கேட்டபோதுதான் மோட்டார் விழுந்ததைச் சொன்னார்.

வைத்திலிங்கம் செல்போனை எடுத்துக் காட்டினார். முந்தின நாள் எங்கள் தெருக் குழாயடியில் அடைக்கலராஜ் தண்ணீர் கேனை அதே வலது கையால் தூக்கி வண்டியில் வைக்கும் வீடியோ. எடுத்தவன் அன்பரசு.

"கேனத் தூக்குது, வால்வத் திருப்பாதா? கையப் பாரு, ஜிம்முக்குப் போறவன் மாதிரி பொடைச்சுக்கிட்டு நிக்குது! யாருகிட்ட கத வுடுற?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்பரசும் சிரித்தான்.

பெலிசியா அழுது, திட்டி, கடைசியில் சிதம்பரத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் அவரை அழைத்துப் போனார். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்ததால் நானும் துணைக்குப் போனேன். டாக்டர் கயல்விழிக்கும் கோபம்தான். முழங்கை மடிப்பில் விரலைக் கொக்கி போல வளைத்துத் தடவிப் பார்த்தார். இடது கையில் கயிறு போல ஒரு தசைநாண் விரலில் மாட்டியது. வலது கையில் ஒன்றுமே இல்லை.

"அறுந்துபோச்சு. ஏன் இவ்வளவு லேட்டா வர்றீங்க?"

"கேன் தூக்க முடியுதே டாக்டர்," என்றார் அடைக்கலராஜ், சண்டைக்குப் போவது போல.

"தூக்கும். கைய மடக்க அடியில இன்னொரு தசை இருக்கு. அது முன்கையில சுத்தாத எலும்புல ஒட்டியிருக்கு, மடக்க மட்டும்தான் தெரியும். இப்ப அறுந்தது மேல இருக்கிற தசையோட நாண். அது முன்கையில சுத்துற எலும்புல பம்பரக் கயிறு மாதிரி சுத்தி ஒட்டியிருக்கும். தசை சுருங்கினா கயிறு பிரியும், எலும்பு சுழலும், உள்ளங்கை மேல பார்க்கும். உங்க வால்வ மூடுனது அதுதான்."

"அப்ப இந்தப் பொடைப்பு?"

"தசை ரெண்டு பக்கமும் கட்டியிருந்தாத்தான் இழுக்கும். ஒரு முனை விட்டுப்போச்சு, அதனால தானா சுருண்டு கிடக்கு. அதப் பலம்னு நெனைக்காதீங்க. அடிபட்டு மூணு வாரத்துக்குள்ள இழுத்துத் தைக்கணும். அதுக்கப்புறம் சுருங்கின இடத்துலயே ஒட்டிக்கும், இழுத்தாலும் எலும்புக்கு எட்டாது."

அதில் பாதி நாள் ஏற்கெனவே போயிருந்தது. வேலையில் அடிபட்டது என்று கம்பெனி ஒப்புக்கொண்டு செலவைக் கொடுத்தால்தான் ஆபரேஷன். வைத்திலிங்கமோ, "வூட்ல கேன் தூக்கிக் கிழிச்சுக்கிட்டு இங்க வர்றியா?" என்று வீடியோவையே திருப்பிக் காட்டினார். பார்த்த சாட்சி ஒருவன்தான், அவன் அன்பரசு.

மறுநாள் கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அன்பரசு உட்கார்ந்திருந்தான். அடைக்கலராஜ் அவன் முன்னால் போய் நின்றார்.

"மோட்டார் விழுந்தத நீ சொல்லணும்."

"என்னா மச்சான், எங்க வலிக்குது? வேலைன்னா எங்கயாவது வலிக்குமே!"

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அடைக்கலராஜ் சட்டைக் கையை மடித்தார். முழங்கையை மடக்கி, உள்ளங்கை தரையைப் பார்க்க வலது கையை நீட்டினார். "புடிடா. நான் திருப்புறேன், நீ வுடாத."

அன்பரசு கெட்டியாகப் பிடித்தான். அடைக்கலராஜின் கழுத்து நரம்பு புடைத்தது. கை திரும்பவில்லை. அன்பரசு பிடியைத் தளர்த்தி, இரண்டு விரலால் மட்டும் பிடித்தான். அப்போதும் திரும்பவில்லை.

"இப்ப இதப் புடி," என்று அடைக்கலராஜ் இடது கையை நீட்டினார். ஒரே சுழற்றலில் அன்பரசு பெஞ்சிலிருந்து சரிந்தான்.

யாரோ சிரித்தார்கள். அன்பரசு சிரிக்கவில்லை. எழுந்து லுங்கியைத் தட்டிக் கட்டினான். அவன் பயம் அவனுக்கு. பட்டை அறுந்தது தன் பக்கம் என்று சொன்னால் பழி தன்மேல் வரும். வீடியோவை ஓடிப்போய்க் கொடுத்ததற்குப் பழைய கோபம் மட்டுமே காரணம் இல்லை.

"உனக்காகச் சொல்ல மாட்டேன்," என்றான். "நீ இப்படியே கெட. ஆனா நாளைக்கு எனக்கு அறுந்தாலும் அந்தாளு இதே வீடியோதான் காட்டுவான்."

ஷிஃப்ட் மாறும் நேரம். கேட்டில் வைத்திலிங்கம் நின்றிருந்தார். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியும் பக்கத்தில் இருந்தார். அன்பரசு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"மோட்டார் தூக்கயில பட்டை அறுந்துச்சு சார். என் பக்கம்தான். மொத்த வெயிட்டும் இவர் கையில விழுந்துச்சு. நான் பாத்தேன்."

வைத்திலிங்கம் பாய்ந்தார். "அப்ப தப்பு உன்னுது!"

"பட்டை உங்களுது. நைஞ்சுபோச்சுன்னு ரெண்டு தடவ சொன்னேன். புதுசு வாங்குனீங்களா?"

அதிகாரி இருவரையும் உள்ளே வரச் சொன்னார். வைத்திலிங்கம் பல்லைக் கடித்தபடி, "நாளையிலேருந்து ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வந்தீங்கன்னா..." என்றார். அதிகாரி திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். ஆனாலும் அடுத்த வாரத்திலிருந்து அன்பரசுக்கு வேலை தரவில்லை. அவன் இப்போது பரங்கிப்பேட்டையில் ஐஸ் கம்பெனிக்குப் போகிறான்.

கம்பெனி செலவை ஏற்றது. மூன்று வாரம் முடிவதற்கு முன் ஆபரேஷன் நடந்தது. நாண் எலும்புக்கு எட்டியது, ஆனால் மிகவும் இழுக்க வேண்டியிருந்ததாக டாக்டர் சொன்னார். பழைய பலம் முழுக்க வருமா என்று கேட்டதற்கு, தினமும் கையைத் திருப்பிப் பழகச் சொன்னார்.

"அன்பரசுக்கு ஒரு போன் பண்ணுங்களேன்," என்று பெலிசியா தினமும் சொல்கிறார்.

"எதுக்கு? மோட்டார வுட்டது அவந்தான?"

மாலையில் அவர் வாசலில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி சுத்தியலின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையை மெல்ல மேலே திருப்புகிறார். பாதி வரை வருகிறது. அங்கே நின்று நடுங்குகிறது. அவர் அதையும் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து திருப்புகிறார்.