புவனேஸ்வரி திருப்பித் தந்த புத்தகம்

பதினேழு வயதில் வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் சேர்ந்த பானுப்ரியாவுக்கு இப்போது முப்பத்தைந்து. தினமும் கன்னிவாடியிலிருந்து மில் பஸ்ஸில் போய் வருகிறாள். சேர்ந்த புதிதில் படிக்க அவளுக்கென்று ஒன்றும் கிடைக்கவில்லை. நூலகத்தில் ஒரு அலமாரியில் முயலும் நரியும் பேசின. அடுத்ததில் மாமியாரும் மருமகளும் சண்டை போட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடந்த தன் வயதை எவரும் எழுதியிருக்கவில்லை. அந்த ஆற்றாமைதான் பின்னாளில் அவளை எழுத வைத்தது.

எழுதியது முழுக்க பஸ்ஸில், போனில். கூட வரும் பெண்கள் பேசுவதைக் காதில் வாங்கி, அவர்கள் சொன்ன சொல்லையே போட்டாள். அவள் கதையின் கலைவாணி பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்கு வருகிறாள். ஒருவனை விரும்புகிறாள், அதுவும் கைகூடவில்லை. எழுத எழுத ஒவ்வொரு அத்தியாயத்தையும் பக்கத்து இருக்கை புவனேஸ்வரிக்கு அனுப்புவாள். புவனேஸ்வரிக்குப் பதினெட்டு வயது. நர்சிங் படிக்க இடம் கிடைத்தும் வீட்டில் விடவில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு முன் புவனேஸ்வரி கேட்டாள்: “அக்கா, கலைவாணியத் தப்பிக்க விட்றாதீங்க. அவளும் போயிட்டா நான் மட்டும்ல இங்க கெடப்பேன்.”

பானுப்ரியா அப்படியே முடித்தாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கலைவாணி அம்மாவுக்குப் போன் போட்டு, எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை என்கிறாள். பிறகு மிஷினுக்குத் திரும்புகிறாள். அவ்வளவுதான்.

மூன்று பதிப்பகங்கள் பதிலே போடவில்லை. நான்காமவர் மதுரையிலிருந்து கூப்பிட்டார். பேச்சு உயிரோடு இருக்கிறது என்று பாராட்டினார். முடிவை மட்டும் மாற்றச் சொன்னார். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை தராத கதையைப் பள்ளிக்கூடங்கள் வாங்காதாம். பத்து நாள் யோசித்தாள். புத்தகம் வந்தால்தானே யார் கைக்காவது போகும் என்று மாற்றிக் கொடுத்தாள். கலைவாணி மேலே படித்து, அதிகாரியாகி, மில் வாசலில் காரில் வந்து இறங்கினாள்.

முதல் பிரதியைப் புவனேஸ்வரிக்குத்தான் கொடுத்தாள். மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது.

“நல்லாருக்குக்கா,” என்றாள் புவனேஸ்வரி. புத்தகத்தைப் பானுப்ரியா மடியில் வைத்து, “இது வேற யாரோ புள்ளக்கா,” என்றாள்.

பானுப்ரியா பதிப்பாளர் கேட்டதைச் சொல்ல ஆரம்பித்தாள். “தெரியுதுக்கா” என்று புவனேஸ்வரி பேச்சை நிறுத்திவிட்டாள். கோபப்பட்டிருந்தால் சமாதானமாவது சொல்லியிருக்கலாம்.

தை மாதம் புவனேஸ்வரியை நத்தம் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது கதையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பள்ளிக்கூடங்களும் புத்தகத்தை வாங்கவில்லை. கலைவாணி ஒருவனை விரும்புவது பிள்ளைகளுக்கு ஆகாதாம்.

பதிப்பாளர் இன்னொரு கதை கேட்டிருக்கிறார். பஸ்ஸில் பெண்கள் பேசிக்கொண்டுதான் வருகிறார்கள். ஒரு பேச்சைக்கூட எடுத்து எழுதப் பானுப்ரியாவுக்கு மனம் வரவில்லை.