ஜமீனுக்குப் போன என் முகம்

என் பேரை முழுசாச் சொன்னா மூச்சு முட்டும். முன்னால ஒரு பட்டம், நடுவுல சாமி பேரு, பின்னால ஒரு ராஜா, அதுக்கும் பின்னால இன்னொரு பட்டம். ஆதார் அட்டையில பாதியிலயே வெட்டுப்பட்டு நிக்கு. பட்டாளத்துல சேந்த புதுசுல ஹவில்தார் அதை வாசிச்சுட்டு, "வாங்க மகாராஜா, கக்கூஸ் வாளியத் தூக்குங்க"ன்னார். அந்தப் பேரால நான் கண்ட ராஜ்ஜியம் அம்புட்டுத்தான்.

தேவதானத்துக்கு மேற்க, மலையடிவாரத்துல எங்க ஊரு. ஒரு காலத்துல அது சின்ன ஜமீன். ஜமீன்ல தாத்தா பேரு பேரனுக்குத்தான் போகும். அதனால ஒரே பேர்ல, ஒரே பட்டத்தோட எத்தனையோ பேரு ஆண்டிருக்காவ. அதுல ஒருத்தர் கும்பினி வெள்ளைக்காரனோட சண்டை போட்டுச் செத்தாராம். அவரு பேரன் அதே கும்பினி துரையை மலைக்கு வேட்டைக்குக் கூட்டிட்டுப் போயி, விருந்து வச்சு, சால்வை வாங்கிக்கிட்டாராம். ஊருக்குள்ள கேட்டா ரெண்டும் ஒரே ஆளுதான். காலையில சண்டை, மதியம் விருந்துங்கிற மாதிரி கதை சொல்லுவாவ.

எங்க வீடு அரமனைக்கு வாள் தூக்குன வீடு. அந்த மரியாதைக்காக எங்க வீட்டு மூத்த மகனுக்கு ஜமீன் பேரைப் பட்டத்தோட வைக்கலாம்னு எப்பவோ உத்தரவாகியிருக்கு. ஜமீன் ஒழிஞ்சுது, அரமனை இடிஞ்சுது, பேரு மட்டும் எங்க வீட்ல தங்கிப் போச்சு. அம்மன் பொங்கலுக்குப் பரிவட்டம் கட்டி, அந்தத் துருப்பிடிச்ச வாளைப் பிடிச்சுக்கிட்டு சப்பரத்துக்கு முன்னால நான் நிக்கணும். மத்த நாள்ல நான் பென்ஷன் வாங்குற, எலுமிச்சைத் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுற ஆளு.

இப்படி இருக்கையில, ஊர்ப் பயலுவ சங்கம் ஆரம்பிச்சு, சண்டை போட்டுச் செத்த ஜமீனுக்கு நினைவு நாள் எடுக்கணும்னு கிளம்புனானுவ. நல்ல காரியந்தான். ஆனா அவருக்குப் படம் ஏது? ராஜபாளையத்துல ஒரு பிளக்ஸ் கடைக்குப் போன்ல பேரை மட்டும் சொல்லியிருக்கானுவ. கடைக்காரரு கம்ப்யூட்டர்ல அந்தப் பேரைத் தட்டினதும், போன பொங்கலுக்கு அடிச்ச பிளக்ஸ்ல இருந்த என் போட்டோ வந்து நின்னிருக்கு. பரிவட்டத்தோட, வாளோட. அவருக்கு இதைவிட வேற என்ன வேணும்? மீசைய ரெண்டு இஞ்சு முறுக்கி, கழுத்துல முத்து மாலை போட்டு, பின்னால ஒரு கோட்டைய நிக்க வச்சு அடிச்சுக் குடுத்துட்டாரு.

காலையில பால் வாங்கப் போறேன், பஸ் ஸ்டாப்புல நானே வீட்டு ஒசரத்துக்கு நிக்கேன். கீழ 'வீரவணக்கம்'. மேல சாமந்தி மாலை. முன்னால சாம்பிராணி புகைஞ்சுக்கிட்டு இருக்கு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. டீக்கடையில உக்காந்து, செத்துப் போனவனுக்கு ஒரு டீ போடுப்பான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாவ.

என் வீட்டுக்காரி சிரிக்கல. "உசுரோட இருக்க மனுசனுக்கு ஊரே கூடி மாலை போட்டுச் சாம்பிராணி காட்டுது, நீங்க பல்லக் காட்டிக்கிட்டு வாரீக. அதை இறக்கச் சொல்லுங்க"ன்னா. ஒரு நாளைக்குத்தானட்டி, நாளைக்குக் கழட்டிருவானுவன்னேன். எனக்கும் அப்ப அப்படித்தான் நினைப்பு.

நாளைக்குக் கழட்டல. பொறவு ஆட்டோ கண்ணாடியில ஸ்டிக்கரா வந்துச்சு. மாட்டு வண்டிப் பந்தயத்துக்குப் பனியன்ல வந்துச்சு. கடைசியில ஊர் மண்டபத்துல, கண்ணாடி போட்டு, சட்டம் அடிச்சு, சுத்திச் சின்ன பல்பு எரியுற மாதிரி மாட்டிட்டானுவ. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு, மாலை. பொம்பளையெல்லாம் குலவை போட ஆரம்பிச்சுட்டாவ.

சங்கத்துப் பயலுவள வீட்டுக்குக் கூப்பிட்டு, ஏலே இது என் போட்டோடான்னு கேட்டேன். கொஞ்சம் கூட அசரல. "பெரியப்பா, அவிய பேரை வச்சதால அவிய ஜாடை உங்களுக்கு வந்திருக்கு"ன்னானுவ. என் அப்பன் ஜாடையும் இல்ல, ஆத்தா ஜாடையும் இல்லயாம். ஜமீன் ஜாடையாம்.

மீசைய எடுத்துட்டா விட்டுருவானுவன்னு நினைச்சேன். ஊர் முடிவெட்டுற கடையில போயி உக்காந்தா, கடைக்காரரு கத்தியக் கையில எடுக்கவே மாட்டேன்னுட்டாரு. "ஐயா மீசையில நான் கை வைக்கேன்னு ஊருக்குத் தெரிஞ்சா கடைய அடைக்கணும்"ன்னாரு. வீட்டுக்கு வந்து நானே வழிச்செறிஞ்சேன். அதுக்கும் ஒரு பயனுமில்ல. எல்லாரும் படத்தைப் பாத்துட்டு என்னையப் பாத்து, வயசாக ஆக ஜாடை குறையுதுன்னு வருத்தப்பட்டாவ.

அப்ப என் வீட்டுக்காரி பொட்டியக் கட்டிட்டா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல மக வீடு. "என்னால அந்த மண்டபத்தைத் தாண்டித் தண்ணிக்குப் போக முடியல. எனக்கு ராத்திரி தூக்கமில்ல, நெஞ்சு அடிச்சுக்கிடுது. அந்தப் படம் என்னைக்கு இறங்குதோ அன்னைக்கு வந்து கூப்பிடுங்க, வாரேன்"னு சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டா. கோவத்துல போயிருந்தா நாலு நாள்ல சரிக்கட்டிருப்பேன். அவ பயத்துல போனா. பயந்தவளை என்ன சொல்லிக் கூட்டியார?

வாரா வாரம் போவேன். ராஜபாளையத்துல இறங்கி, வேற பஸ் மாறி, ஜன்னல் பக்கம் உக்காராமப் போவேன், வழியில எங்கயாவது நானே மாலையோட நிப்பேன்னு. மக வீட்ல அவதான் சோறு போடுவா, மீன் எடுத்து வைப்பா. இறங்கிருச்சான்னு கேப்பா. நான் சோத்தைப் பாத்துக்கிட்டே இல்லம்பேன். அவ எந்திரிச்சு ஏனம் கழுவப் போயிருவா.

ஊர்ப் பெரியவர்கிட்டப் போனேன். எனக்கு மாமா முறை. நிதானமா எல்லாத்தையும் கேட்டாவ. பொறவு சொன்னாவ: "மாப்ள, பக்கத்து ஊர்க்காரன் அந்த ஜமீன் எங்க பங்காளி வழின்னு சொல்லிட்டுத் திரியுதான். அவன்கிட்டயும் அதே பேர்ல, அதே பட்டத்துல ஒருத்தர் இருந்திருக்காரு. அவன்கிட்டப் படமில்ல, நம்மகிட்ட இருக்கு. இப்ப நீ போயி இது என் படம்னு சொன்னா நாம எங்க மூஞ்சிய வைக்க? மூஞ்சி உன்னதுதான். மானம் ஊரோடது."

நான் எல்லையில குளுருல நின்ன ஆளு. அங்க கூட விடிஞ்சா மாத்து ஆளு வருவான். இங்க மாத்து ஆளே கிடையாதுன்னு அன்னைக்குத்தான் விளங்குச்சு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

மறுநாள் காலையில, வெயில் ஏறுற நேரத்துல, ஏணியத் தூக்கிட்டு மண்டபத்துக்குப் போனேன். ஒளிஞ்சு செய்ய இது என்ன களவா? ஏறி ஆணியிலிருந்து படத்தை எடுத்து இடுப்புல அணைச்சுட்டேன். கண்ணாடி கீறி உள்ளங்கையில ரத்தம். கீழ பாக்கேன், கூட்டம் கூடியிருக்கு. என் சொந்தப் பங்காளி, நேத்து வரைக்கும் என்னோட சீட்டு ஆடுனவன், "ஐயா படத்துல கை வைக்க நீ யாருலே"ங்கான்.

அங்கனயே கூட்டம் போட்டாவ. போலீஸுக்குப் போவோம், அவமதிப்புன்னு எழுதிக் குடுப்போம்னு பயலுவ துள்ளுனானுவ. மாமாதான் அமர்த்தி, ஊரோட முடிச்சுக்குவோம்னாவ. படத்தைப் பழைய இடத்துல நானே மாட்டணும். என் கையால மாலை போட்டு, விழுந்து கும்பிடணும். இல்லன்னா அம்மன் பொங்கலுக்கு வாளும் இல்ல, பரிவட்டமும் இல்ல, ஊர்ல நல்லது கெட்டதுக்கு எங்க வீட்டு வாசலை யாரும் மிதிக்க மாட்டாவ.

வாளு போனாப் போகட்டும். நாளைக்கு எனக்கோ அவளுக்கோ ஒண்ணு ஆனா தூக்க நாலு பேரு வேணுமே. அதை நினைச்சேன். துண்டை இடுப்புல கட்டிட்டு, மாட்டுனேன். ஒருத்தன் மாலையக் கையில குடுத்தான். என் மூஞ்சிக்கு நானே போட்டேன். சாம்பிராணி காட்டுனேன். விழுந்தேன். பொம்பளைங்க குலவை போட்டாவ. சுத்தி நின்னவன் பூராம் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

வீட்டுக்கு வந்து கையக் கழுவிட்டு உக்காந்திருக்கேன், மக கூப்பிட்டா. "அப்பா, அந்த வீடியோ இங்க வந்துருச்சு. அம்மா பாத்துட்டாவ"ன்னா.

"என்ன சொன்னா?"

"நீங்க மாலை போட்டு விழுந்து கும்பிடுறதை ரெண்டு தடவை போட்டுப் பாத்தாவ. பொறவு அடுப்பாங்கரைக்குப் போயி மூஞ்சிய அலம்பிட்டு வந்தாவ. நெத்தியில பொட்டு இல்ல. வைம்மான்னு குங்குமச் சிமிழைக் கையில குடுத்தா, வாங்க மாட்டேங்காவ."

போனை அவகிட்டக் குடுட்டி, நான்தான் பேசுதேன், உசுரோட இருக்கேன்னு சொல்லுன்னேன். அந்தப் பக்கம் மக சொல்றது எனக்குக் கேட்டுச்சு. "அம்மா, அப்பா பேசுதாவ. இந்தா, அப்பாதான்ம்மா."

அவ வாங்கல.