உலர்ந்து வந்த காற்சட்டைகள்

இராஜேஸ்வரிக்குப் பனிச்சறுக்குத் தெரியாது. தென் ஜெர்மனியில், அந்த மலையின் அடிவாரத்தில் பத்தொன்பது வருடங்களாக வேலை செய்கிறாள். மேலே போகும் கம்பிவட வண்டியில் ஒருநாளும் ஏறியதில்லை. ஏறிப் போய் என்ன செய்வது என்று முதலில் நினைத்தாள். பிறகு அப்படி நினைப்பதும் நின்றுவிட்டது.

எமிலின் விடுதியில் இருபத்திரண்டு அறைகள். காலையில் படுக்கைகளும் குளியலறைகளும். மூன்று மணிக்குப் பிறகு நிலவறையில், உலர்த்தும் அறை. விருந்தினர் சப்பாத்துகளைக் கழற்றிக்கொண்டே அன்று எந்தப் பாதையில் இறங்கினோம் என்று பேசுவார்கள். அவள் அவர்களுடைய கையுறைகளைப் பிழிவாள், சப்பாத்துகளைச் சூட்டுக் குழாய்களில் கவிழ்ப்பாள், காற்சட்டைகளின் பின்புறத்தைத் தடவிப் பார்த்துக் கொக்கிகளில் கொளுவுவாள். துவாய் கேட்பார்கள், இணையக் கடவுச்சொல் கேட்பார்கள். வேறெதுவும் அவளிடம் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மலை முழுவதும் அவளுக்கு ஈரத்தால் தெரியும். முதலாம், இரண்டாம் இலக்கப் பாதைகளுக்கு வரைபடத்தில் நீல நிறம். இலகுவானவையாம். அவற்றில் போனவர்கள் ஊறிப்போய் வருவார்கள். உள்ளாடைவரை தண்ணீர் நிற்கும். நாலாம் இலக்கத்துக்குச் சிவப்பு. கடினமானதாம். அதில் போனவர்களின் காற்சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இராது. வரைபடம் போட்டவர்களுக்கு என்ன தெரியும்? விழுந்தால் நனையும். நனையாவிட்டால் விழவில்லை. நாலுதான் நல்ல பாதை. அந்த முடிவை அவள் பல வருடங்களாக வைத்திருந்தாள்.

பெப்ரவரியில், தமிழர் நிறைய இருக்கும் ஹம் நகரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த விடுதிக்கு வந்த முதல் தமிழர்கள். சுலக்ஷன், அவன் மனைவி தேனுஜா, ஒன்பது வயது மகள் கவிசா. ஹம் என்றதும் இராஜேஸ்வரி மடித்து வைத்த துவாய்களைத் திரும்ப மடித்தாள். அவளுடைய கணவர் விஜயரத்தினம் அங்கேதான் வேறொருத்தியோடு கடை நடத்துகிறார். அந்த ஊர்க் கோயிலில், கலியாண வீடுகளில் யாருக்கும் முகம் கொடுக்க முடியாமல்தான் அவள் தமிழ்ச் சத்தமே இல்லாத இந்த இடத்துக்கு வந்தாள். இவர்கள் திரும்பிப் போய் என்ன சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கக்கூஸ் கழுவிக்கொண்டிருக்கிறா, பாவம் என்பார்கள்.

முதல் நாள் கவிசா கேட்டாள். "அன்ரி, இங்கயே இருக்கிறபடியா நீங்கள் ஒவ்வொரு நாளும் ஸ்கி விடுவியளோ?"

"பின்னே," என்றாள் இராஜேஸ்வரி.

அவ்வளவுதான். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. விஜயரத்தினம் இதைக் கேள்விப்படுவதை அவள் அன்றிரவு இரண்டு மூன்று விதமாக நினைத்துப் பார்த்தாள்.

அவர்கள் மூன்று நாள் அடிவாரத்துச் சரிவில் பயிற்றுநரிடம் பழகினார்கள். நாலாம் நாள் காலை சுலக்ஷன் வரைபடத்தோடு வந்து நின்றான்.

"அக்கா, பிள்ளையோட போறதுக்கு எது நல்லம்? இரண்டாம் நம்பர் ஒரே சனமாம். பள்ளிக்கூடப் பிள்ளையள் விழுந்து விழுந்து கிடக்கினமாம்."

"நாலில போங்கோ. சனமில்லை."

"இதில சிவப்பெல்லோ போட்டிருக்கு."

"அது சும்மா நிறம் தம்பி. நான் பத்தொன்பது வருசமாப் பாக்கிறன். அதில போறவை ஒருத்தரும் விழுறதில்லை."

தேனுஜா அவளைப் பார்த்தாள். "நீங்கள் அதில போறனீங்களோ அக்கா?"

"ஓம். எத்தினை தரம்."

"கேட்டியே தேனு," என்றான் சுலக்ஷன். "அக்காவே போறா. உனக்குத்தான் வரப் பஞ்சி, ஒரே சோம்பல்."

"மூண்டு நாள் பழகினதுக்கு உங்கட வாயைப் பாருங்கோ."

கவிசா சிரித்தாள். போகும்போது கையுறைக் கையை ஆட்டினாள். அவளுடைய பெற்றோர் இராஜேஸ்வரியோடு கைபேசி இலக்கங்களை மாற்றிக்கொண்டு புறப்பட்டார்கள்.

மூன்று மணிக்கு விருந்தினர் வரத் தொடங்கினார்கள். மேலே பனிப்புகார் இறங்கிவிட்டது, முன்னால் நிற்பவனே தெரியவில்லை என்றார்கள். கொளுவிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. எட்டாம் அறைக்குரிய மூன்று மட்டும் வெறுமையாக நின்றன. மூன்றரை. அவள் துடைத்த இடத்தையே துடைத்தாள். கோப்பி குடிக்க நின்றிருப்பார்கள் என்று நினைத்தாள். நான்கு மணிக்குக் கம்பிவடம் நின்றது. அந்த இரைச்சல் அடங்கினால் ஊரே செவிடானதுபோல இருக்கும். அப்போதுதான் கைபேசி நினைவு வந்தது. மத்தியானம் மூன்றாம் மாடியில் தூசு உறிஞ்சும்போது அதைக் கீழே மின்னேற்றப் போட்டிருந்தாள்.

சுலக்ஷனிடமிருந்து தவறிய அழைப்புகள் நான்கு. ஒரு குரல் பதிவு, இரண்டு மணி ஆறு நிமிடம்.

அவள் பதிவைக் கேட்டாள். திரும்ப அழைத்தாள். தொடர்பு கிடைக்கவில்லை. தேனுஜாவின் இலக்கமும் அப்படியே. ஏழு தரம் அழைத்தபின் மேலே ஓடினாள்.

எமில் வரவேற்பு மேசையில் இருந்தான். அவனுக்கு அறுபத்தைந்து வயது. இளமையில் சறுக்குப் பயிற்றுநர்.

"எட்டாம் அறைக்காரர் வரவில்லை," என்றாள் ஜெர்மனில். "நாலில் போனார்கள்."

"நாலிலா? அந்தக் குழந்தையோடா? யார் அனுப்பியது?"

"நான்."

"ஏன்?"

"அதில் போகிறவர்கள் நனையாமல் வருகிறார்கள்."

எமில் தொலைபேசியைக் கையில் எடுத்தான். அவன் குரல் உயரவில்லை. "ராஜி, அதில் போகிறவர்கள் விழாதவர்கள். விழுகிறவர்கள் அங்கே போகவேமாட்டார்கள்."

அது அவளுக்கு உடனே விளங்கியது. விளங்குவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. பத்தொன்பது வருடங்கள் கையில் வைத்துத் தடவியதை ஒரு தரம் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

எமில் மலை மீட்புப் படையை அழைத்தான். பாதையில் எந்த இடம் என்று கேட்டார்கள். அவள் குரல் பதிவை ஒலிக்க விட்டாள்.

"அக்கா, சுலக்ஷன் கதைக்கிறன். இது சரியான செங்குத்தாக் கிடக்கு. புகாரும் வருது. கவிசா பயப்பிடுறாள். கீழ போகப்போக லேசா வருமோ, இல்லாட்டித் திரும்பி மேல நடக்கிறதோ? மரக்கொட்டில் ஒண்டு தாண்டி நிக்கிறம். நீங்கள் போற பாதைதானே, டக்கெண்டு சொல்லுங்கோ."

"என்ன சொல்கிறான்?" என்றான் எமில்.

அவள் மொழிபெயர்த்தாள். செங்குத்து. புகார். மரக்கொட்டில். அதை அவன் உடனே தொலைபேசியில் சொன்னான். "வேறு?"

கடைசி வரியை விட்டுவிட்டிருக்கலாம். மீட்பவர்களுக்கு அது தேவையில்லை.

"நீங்கள் போகிற பாதைதானே என்று கேட்கிறான்."

"நீ எப்போது போனாய்?"

"போகவில்லை."

எமில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு பழைய மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனான். அவள் தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றாள். எந்தத் தெய்வத்தையும் கூப்பிட வாய் வரவில்லை. கீழே போகப்போக லேசாக வருமோ என்பது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

ஐந்தேகாலுக்கு எமில் அழைத்தான். மூவரும் உயிரோடு இருக்கிறார்கள். குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. புகாரில் ஹெலிகொப்டர் வர முடியாததால் சறுக்குவண்டியில் கட்டி இறக்குகிறார்கள்.

மறுநாள் காலை சுலக்ஷன் பொருட்களை எடுக்க வந்தான். உலர்த்தும் அறை வாசலில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டிக் பையோடு நின்றான். கன்னம் பனியில் வெந்திருந்தது.

"இரவு சத்திரசிகிச்சை செய்தவை. நடக்க மூண்டு மாதமாம். தேனு அங்க நிக்கிறாள்," என்றான். பிறகு, "உங்களில பிழையில்லை அக்கா. உங்களுக்குப் பழகின பாதை. நாங்களெல்லோ யோசிச்சுப் போயிருக்க வேணும்."

எமில் அவனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் அப்படியே தலையை ஆட்டி அனுப்பியிருக்கலாம். ஹம்மில் அவள் பனிச்சறுக்குக்காரியாகவே இருந்திருப்பாள்.

"தம்பி, நான் ஒருநாளும் மேல போனதில்லை."

அவன் விளங்காமல் நின்றான்.

"எனக்கு ஸ்கி தெரியாது. இந்த அறையில நிண்டு காச்சட்டையளைத் தடவிப் பாத்துத்தான் சொன்னனான்."

சூட்டுக் குழாய்கள் இரைந்துகொண்டிருந்தன. அவன் பையை மர வாங்கின் மேல் வைத்துவிட்டுத் தங்கள் சப்பாத்துகளை மட்டும் பொறுக்கிக்கொண்டான்.

"ஒருக்காத்தான் விழுந்தவள்," என்றான் படியில் நின்று, திரும்பாமல். "கண்ணாடி மாதிரி இறுகின பனி. அங்கயிருந்து சரிவு முடியிற வரைக்கும் சறுக்கிக்கொண்டே போனாள்."

அவன் போனபின் அவள் பையைப் பிரித்தாள். கவிசாவின் ஊதா நிறக் காற்சட்டை. இடுப்பிலிருந்து கால்வரை கத்தரியால் வெட்டியிருந்தார்கள். கை தன்பாட்டில் போய்ப் பின்புறத்தைத் தடவியது.

ஒரு சொட்டு ஈரம் இல்லை.