பக்கத்து வீட்டுப் பாகற்காய்

எனக்குப் பாகற்காய் பிடிக்காது. வாயில் வைத்தாலே குமட்டும். என் வீட்டுக்காரருக்கோ அது ஒன்று இருந்தால் போதும், சோறு தானாக இறங்கும். வரிசை வீடுகளாயிருந்த எங்கள் லயத்தில் வேறு யாருக்குத் தெரிந்ததோ இல்லையோ, பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது நன்றாகவே தெரியும். கல்யாணமாகி மலாயாவில் அந்த ரப்பர் தோட்டத்துக்கு நான் வந்த நாளிலிருந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு அவருக்காக நான் அதைக் கிண்டுவதைப் பார்த்துச் சிரித்தவள் அவள்தான்.

ஜப்பான்காரன் வந்த பிறகு சிரிப்பெல்லாம் போயிற்று. ரப்பர் வாங்க ஆளில்லை. மரவள்ளி நட்டோம், அதையே தின்றோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமென்று தோட்டம் தோட்டமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பக் காணோம். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் வீடு வீடாக வந்து ஆம்பிளைகளைத் தேட ஆரம்பித்ததும், என் வீட்டுக்காரர் சதுப்புக்கு அப்பாலிருந்த பாழடைந்த புகைக்கொட்டகையில் போய் ஒளிந்துகொண்டார். லோபாக் பக்கம் வேலை தேடிப் போனவர் போனவர்தான் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். அக்காவிடமும் அதையேதான் சொன்னேன். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. நான் தனியாள் என்றே தோட்டம் நம்பியது.

தினமும் கீரை பறிக்கப் போகிறவள் மாதிரி கிளம்புவேன். ரப்பர்ப் பால் எடுக்கிற வாளிக்குள் அவித்த மரவள்ளி இருக்கும், மேலே இலை மூடியிருக்கும். உப்புச் சப்பில்லாத அந்தக் கிழங்கைத் தின்று தின்று அவர் பாதியாகிவிட்டார்.

ஒருநாள் காலையில் அக்கா தன் வேலியில் காய்த்த இரண்டு பாகற்காய்களைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். கொடியில் முற்றிப் போகிறதாம், வீணாகக் கூடாதாம். இந்தப் பஞ்சத்திலும் கொடுக்க மனசு வருகிறதே என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அவர் சாப்பிடுகிற முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

மெல்லிசாக அரிந்து, கசப்பு நீரைப் பிழிந்து விட்டேன். தேங்காய் எண்ணெயைக் கண்ணால் பார்த்தே எத்தனையோ மாதமாகியிருந்தது. செம்பனை எண்ணெயைக் காயவைத்து, காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, இருந்த வெங்காயத்தை வதக்கி, காயைக் கொட்டினேன். தணலை அடக்கி, ஓரம் சுருண்டு கருகும்வரை பிரட்டினேன். அவருக்கு அப்படிக் கரகரவென்று இருக்க வேண்டும். லயத்தில் நடுச்சுவர் கூரைவரை எழும்பாது. இங்கே மிளகாய் கமறினால் அங்கே தும்முவார்கள். வழக்கமாக அக்கா தும்மிவிட்டுச் சுவருக்கு மேலாக ஏதாவது கேலி பேசுவாள். அன்றைக்குத் தும்மல் மட்டும் கேட்டது. பிறகு அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போகிற சத்தம் கேட்டது.

கொட்டகையில் அவர் முதல் வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இரண்டாம் வாய் எடுப்பதற்குள் என் முதுகுக்குப் பின்னால் மண்டோர் நின்றான், கூட இரண்டு சிப்பாய்கள். என் பின்னாலேயே வந்திருக்கிறார்கள், நாசமாய்ப் போகிறவர்கள்.

"கோவிச்சுக்காதப்பா, உன் பொண்டாட்டிதான் வழி காட்டினா" என்றான் மண்டோர்.

இல்லை இல்லை என்று அலறினேன். அவர் கையிலிருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீயாடி?"

அவ்வளவுதான் கேட்டார். காலைப் பிடித்துக்கொண்ட என்னைச் சிப்பாய் சதுப்பில் தள்ளினான். நான் எழுந்து ஓடி வருவதற்குள் லாரி போய்விட்டது.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மறைக்கவில்லை.

"ரயில் பாதைக்கு எம்புருசன் பேரைச் சொல்லிட்டாங்கடி. உன் ஆளைக் காட்டினா அவரை விட்டுடறேன்னான் மண்டோர். உன் ஆளு இங்கதான் இருக்காரான்னு தெரிஞ்சுக்கத்தான் காயைக் குடுத்தேன். அவரில்லாட்டி நீ அதை ஆக்குவியா?"

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு அழுகை வேறு. அவள் தன் புருஷனைக் காப்பாற்றிக்கொண்டாள். அது எனக்குப் புரிகிறது. புரிந்தால் வயிற்றெரிச்சல் ஆறிவிடுமா? அந்த வீட்டு வாசலை நான் அப்புறம் மிதிக்கவில்லை.

அவர் திரும்பி வர வேண்டும், கையோ காலோ போயிருந்தாலும் சரி. உட்காரவைத்து, நான் காட்டிக்கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த ஒரே நினைப்பில்தான் சண்டை முடிகிறவரை உயிரை வைத்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் சிரம்பான் ஸ்டேஷனில் போய்ப் போய் நின்றேன். எலும்பும் தோலுமாக இறங்கியவர்களிடமெல்லாம் அவர் பேரையும் தோட்டத்தையும் சொல்லி விசாரித்தேன். கோலா சாவா பக்கத்துக்காரர் ஒருவர், சயாமில் அவரோடு ஒரே கொட்டகையில் படுத்துக் கிடந்தவராம், காய்ச்சலில் போய்விட்டார் என்றார். நான் அவருக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் அவரே மேலும் சொன்னார்.

"நல்ல மனுசன்மா. பாவம், நாதியில்லாதவரு. ஊர்ல யாரு இருக்கான்னு கேட்டா, பொண்டாட்டி எப்பவோ செத்துட்டான்னுதான் சொல்லுவாரு."