அரிசி டப்பாவுக்குள் கண்ணாடி

அக்காவைப் பெண் பார்க்க ஜோகுபாளையத்திலிருந்து வந்த அன்று, அம்மா அவள் கண்ணாடியைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். முன்னே வந்த வீட்டார் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான், யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள்.

"சோடாபுட்டின்னு பேர் வெச்சிட்டுப் போவாங்கடி. செத்த நேரம் சும்மா இரு."

கண்ணாடி இல்லையென்றால் அக்காவுக்கு பஸ் மேலே வந்து மோதினால்தான் பஸ்.

"மொகம் தெரியாம எப்படிம்மா சரின்னு சொல்றது?" என்றாள். அம்மா காதில் வாங்கவில்லை.

நீலசந்திராவில் எங்களுக்கு ஒரே அறை. தடுப்புக்குப் பின்னால் அடுப்பு. கதவோர நாற்காலியில் மாப்பிள்ளை. பக்கத்தில் நான். என் மஞ்சள் பாவாடையைப் பார்த்து அக்கா வந்துவிடுவாள். அம்மாவின் ஏற்பாடு அது. எனக்கு ஏழு வயது. பெருமையாக நின்றேன்.

வந்ததும் மாப்பிள்ளை, காற்று வருமென்று தன் பெரியப்பாவை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். நான் நகரவில்லை. சொன்ன இடம் சொன்ன இடம்தான். அக்கா காபித் தட்டோடு மஞ்சளைப் பார்த்து வந்து, பெரியப்பாவின் முன்னால் வெட்கப்பட்டாள். பெரியவர் நெளிந்தார். அம்மா அவளை இந்தப் பக்கம் திருப்பினாள். மாப்பிள்ளை கையை நீட்டினார். டம்ளரை விட்டுவிட்டுக் காற்றைப் பிடித்தார்.

"பையனுக்குக் கூச்சம்" என்றாள் அவர் அம்மா. "எங்களுக்குப் புடிச்சிருக்கு. பொண்ணு இப்பவே சொல்லிட்டா நல்லது. இன்னொரு எடமும் வந்துகினு இருக்கு."

அடுப்படியில் அக்கா என் கையைப் பிடித்தாள். 

"வழுக்கையாடி?"

"ஐயே, அது பெரியப்பா. இவருக்கு நெறைய முடி. டம்ளரே புடிக்கத் தெரியல. மூக்குல ரெண்டு பக்கமும் பள்ளம். உனக்கு இருக்கே, அதே மாதிரி."

அக்கா தன் மூக்கைத் தடவினாள். வாயைப் பொத்திச் சிரித்தாள். அரிசி டப்பாவைத் திறந்து, கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

"அடிப்பாவி" என்றாள் அம்மா.

மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பாக்கெட்டுக்குள் கையை விட்டார்.

"டேய், வேணாண்டா" என்றாள் அவர் அம்மா.

அவர் எடுத்துப் போட்ட கண்ணாடி அக்காவுடையதைவிடத் தடிமன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெரியப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு வீடே சிரித்தது.

அக்காவைத்தான் கேலி செய்கிறார்கள் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே போய், அந்த மாப்பிள்ளையின் முட்டியில் ஓங்கி ஓர் உதை விட்டேன்.