ஒருத்தரும் இல்லாத ஊருக்கு

சுவிசில், சூக் நகரத்தில் நானும் என் மச்சாளும் அறை துப்புரவு செய்த ஹோட்டலில், யாரோ ஒரு அமெரிக்க விருந்தாளி விட்டுவிட்டுப் போன சுவர்க் கலண்டர் ஒன்றில்தான் இந்தக் கதை தொடங்கியது. ஒக்டோபர் மாதத்துப் படம். வெள்ளை வெளேரென்று மேடு மேடாகப் பனி, மேலே பளிச்சென்ற நீல வானம், நடுவில் ஒரு பெண் பருத்திப் பாவாடையோடு வெறுங்காலில் நடந்து போகிறாள். மாற்ற வேண்டிய படுக்கை விரிப்பைக் கையில் பிடித்தபடி மச்சாள் அப்படியே நின்றுவிட்டார். “இந்தப் பொம்பிளைக்கு விசரோ? காலில ஒண்டுமில்லாமல் பனியில நடக்கிறாள்” என்றார். படத்தின் அடியில் இருந்த சின்ன எழுத்தை நான் கூட்டி வாசித்தேன். அது பனி அல்ல, மணல். அமெரிக்காவில் நியூ மெக்சிக்கோ என்று ஒரு பாலைவன மாநிலம் இருக்கிறது, அங்கே உள்ள வெண்மணல். மச்சாள் நம்பவில்லை. மத்தியானம் சாப்பிடும்போதும் அந்தப் படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சாள் என் கணவரின் அக்கா. சுவிசுக்கு அவர் வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதத்தில், காலில் செருப்போடு. அன்றிலிருந்து பனிக்கும் அவருக்கும் ஆகாது. பனியை அழகு என்று சொல்கிறவர்கள் விடியப்புற இருட்டில் வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்றிராதவர்கள் என்பார். அப்படிப்பட்டவர், பனி மாதிரியே இருக்கிற, ஆனால் குளிராத ஒரு இடம் உலகத்தில் உண்டென்று அறிந்ததும் அதை விடவேயில்லை. பின்பு அவர் ஹோட்டலை விட்டு உணவகச் சமையலறைக்குப் போனார். நான் சூரிச்சுக்கு, ஓர்லிகோனுக்கு வந்து முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் சேர்ந்தேன். வருடங்கள் போயின. சந்திக்கும்போதெல்லாம், “மச்சாள், ஒருநாளைக்கு அந்த மணலில கால் வைக்கவேணும்” என்று சொல்லத் தவறமாட்டார்.

வைத்திருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களின் பயணங்களுக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது: போகிற இடத்தில் யாராவது இருக்கவேண்டும். பாரிஸ் என்றால் சித்தப்பா வீடு, லண்டன் என்றால் பெரியம்மாவின் மகள், ரொறன்ரோ என்றால் பாதி ஊரே அங்கேதான். கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா, இவற்றில் ஒன்று இல்லாமல் பெட்டி கட்டிய குடும்பத்தை நான் கண்டதில்லை. ஈபிள் கோபுரத்தைக் காருக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டு, கறிக்கு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குத் திரும்புவோம். மச்சாளும் இப்படித்தான் உலகம் சுற்றினார். ஐரோப்பாவின் அத்தனை நகரங்களிலும் வரவேற்பறைகளை மட்டும் பார்த்து வைத்திருந்தார்.

மச்சாளின் கணவர் இறந்தபிறகு நிலைமை இறுகியது. ஒரே மகன் ரொறன்ரோவில் கலியாணம் முடித்து அங்கேயே இருந்தான். கைக்குழந்தை ஒன்று. அம்மா இனிமேல் சூக்கில் தனிய இருக்க வேண்டாம், வந்து எங்களோடு இருங்கோ, வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் ஒரு அறை கட்டித் தருகிறேன் என்று கேட்டான். ஒக்டோபர் கடைசியில் அறை கட்டும் வேலைக்காரர் வருகிறார்கள், அதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கோ என்றான். கேட்ட உறவினர் எல்லோருக்கும் சந்தோசம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, மகனோடு, இனி என்ன குறை என்றார்கள். மச்சாள் மட்டும் பதில் சொல்லவில்லை. போனால் மீதி வாழ்க்கை அந்த அறைக்குள்தான் என்று அவருக்குத் தெரியும். போகாவிட்டால், கூப்பிட்ட மகனைக் கைவிட்ட தாய் என்று பெயர். நித்திரை இல்லாமல் கண்ணெல்லாம் கறுத்துப்போய்த் திரிந்தார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டில், என் மகளின் பிறந்தநாள் அன்று, கேக் வெட்டி முடிந்த கையோடு, “நான் ஒக்டோபரில நியூ மெக்சிக்கோ போறன்” என்று அறிவித்தார். ஒரே கேள்விதான் எல்லா வாயிலிருந்தும் வந்தது. அங்க ஆர் இருக்கினம்?

“ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் போறன்.”

என் கணவர், அக்காவுக்குக் கவலையில் ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்துவிட்டார். எனக்கோ உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. கோப்பை கழுவிக்கொண்டிருந்த கையைத் துடைக்காமலேயே வந்து, நானும் போகிறேன், நான்தான் கார் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

ஒக்டோபர் லீவில் கிளம்பினோம். விமானத்தில் மச்சாள் எனக்கு ஒரு விசயம் சொன்னார். மகனுக்கான பதிலை அந்த வெண்மணலில் நின்றுதான் சொல்லப் போகிறாராம். அதுவரை அந்தக் கதையை எடுக்கக்கூடாதாம். சரி என்றேன்.

எல் பாசோவில் இறங்கிக் கார் எடுத்துக்கொண்டு வடக்கே திரும்பியதுமே எனக்குக் கழுத்து வலிக்கத் தொடங்கிவிட்டது, அத்தனை பக்கமும் பார்த்துப் பார்த்து. சுவிசில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து முகத்துக்கு முன்னால் நிற்கும். இங்கே கண்ணுக்குத் தடையே இல்லை. மெசியா என்ற சின்ன ஊரில் முதல் இரவு. மண்சுவர் வீடுகள், எல்லாம் காய்ந்த வைக்கோல் நிறத்தில், வாசலுக்கு வாசல் செத்தல் மிளகாயைச் சரம் சரமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மச்சாள் ஒரு வீட்டு வாசலில் போய் நின்று அந்தச் சரத்தை மூக்கோடு பிடித்து மணந்து பார்த்தார். வீட்டுக்காரி எட்டிப்பார்த்துச் சிரித்தாள். பின்னேரம் கிழக்கே இருந்த மொட்டை மலைத்தொடர் முழுவதும் இளஞ்சிவப்பாக மாறியது. நாங்கள் இருவரும் சதுக்கத்து வாங்கில் உட்கார்ந்து, வாய் பிளந்து, ஒரு வார்த்தை கதைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டியதில்லை, யாருடைய சுகமும் விசாரிக்க வேண்டியதில்லை. அந்த நிம்மதியை எப்படிச் சொல்ல!

மறுநாள் நடந்ததை இப்போது நினைத்தாலும் பயமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. நெடுஞ்சாலையில் ஒரு காவலரண். சீருடைக்காரர்கள் எல்லா வாகனங்களையும் நிறுத்தி அடையாளம் பார்க்கிறார்கள். மெக்சிக்கோ எல்லை பக்கத்தில் இருப்பதால் அங்கே அது வழக்கம்தானாம். முன்னால் நின்ற கார்கள் நகரட்டும் என்று நான் காத்திருந்தேன். பக்கத்துக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மச்சாள் காருக்குள் இல்லை! கைப்பையைத் தோளில் மாட்டி, சிவப்புக் கடவுச்சீட்டை நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்தபடி, தெருக்கரையால் சீருடைக்காரரை நோக்கி விறுவிறு என்று நடந்துகொண்டிருக்கிறார். சண்டை நடந்த அந்தக் காலத்தில் ஊரில் சோதனைச் சாவடி வந்தால் பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் இறங்கி அடையாள அட்டையோடு வரிசையாக நடந்து அந்தப் பக்கம் போகவேண்டும், வெறும் பஸ் பின்னால் வரும். இத்தனை வருடம் சூக்கில் இருந்தும் அவரின் கால் அதை மறக்கவில்லை. இரண்டு பேர் கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

நான் கண்ணாடியை இறக்கி, எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அத்தனையையும் கொட்டினேன். நல்ல மனிதர்கள். அதில் வயதான ஒருவர் மச்சாளை மெல்லக் காருக்குக் கூட்டிவந்து இருத்தி, கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, இங்கே யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். மச்சாள் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆளை இல்லை, மணலைப் பார்க்க வந்தோம் என்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் தொப்பியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார். அரணைக் கடந்து கொஞ்சத் தூரம் போனதும் காரை ஓரமாக நிறுத்தினேன். ஏசத்தான் நிறுத்தினேன். ஆனால் மச்சாளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், கண்ணீர் வரும்வரை. அந்தக் கண்ணீரில் கொஞ்சம் பழைய பயமும் இருந்தது.

பிறகு ஹாட்ச் என்று ஒரு மிளகாய் ஊர். கம்பிக்கூட்டு உருளைக்குள் பச்சை மிளகாயைக் கொட்டி நெருப்பில் சுழற்றிச் சுடுகிறார்கள், ஊர் முழுக்க அந்த மணம். மச்சாள் சுட்ட மிளகாயைத் தோலுரித்து, ரொட்டியில் வைத்து, உப்புக் காணாது என்று குறை சொல்லிச் சொல்லியே மூன்று பேரின் பங்கைச் சாப்பிட்டார். அடுத்த ஊரில் ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்று. கழுத்தளவு சுடுநீரில் இருந்துகொண்டு, எதிரே வறண்ட மலையில் வெயில் இறங்குவதைப் பார்த்தோம். கரிசோசோ என்று இன்னொரு ஊர், பெயரைச் சொல்லிப் பார்ப்பதற்கே ஒருநாள் போயிற்று. தெருவெல்லாம் நிறம் பூசிய கழுதைச் சிலைகள். ஒவ்வொரு கழுதைக்குப் பக்கத்திலும் மச்சாளைப் படம் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் கோபம். அந்த ஊரைத் தாண்டினால் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த கருங்கல் வெளி, கண் எட்டும்வரை கறுப்பு. அந்தக் கல்லின் வெடிப்புகளிலும் செடி முளைத்திருந்தது. பாலைவனம் என்றால் ஒன்றுமில்லாத இடம் என்று யார் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்? நான் பார்த்த இடங்களிலே எல்லாம் நிறைந்து கிடந்த இடம் அதுதான்.

கடைசி நாள், வெண்மணல். வண்டியிலிருந்து இறங்கியதும் மச்சாள் சப்பாத்தைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். ஒரு காலை வைத்தார். மற்றக் காலையும் வைத்தார். வெயில் கொளுத்துகிறது, மணலோ சுடவில்லை, குளிரவும் இல்லை. “ஐயோ மச்சாள், மா மாதிரி இருக்கு, அரிசிமா!” என்று கத்திக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினார். முழங்கால் வலியென்று சூக்கில் மாடிப்படிக்குப் பயந்தவர் ஏறிய வேகத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அங்கே பிள்ளைகளும் பெரியவர்களும் வட்டமான பிளாஸ்டிக் தட்டில் இருந்து மணல்மேட்டில் சறுக்கி விளையாடுகிறார்கள். நாங்களும் ஒன்று வாங்கியிருந்தோம்.

உச்சியில் தொலைபேசிக்குத் தொடர்பு கிடைத்தது. மச்சாள் மகனுக்கு எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டு என்னிடம் பிடிக்கத் தந்தார். சுகம் விசாரித்தார். பிறகு ஒரு மூச்சை இழுத்து விட்டார்.

“தம்பி, நான் அங்க வந்து இருக்கேல்லை. கோவியாதை. எனக்கு என்ர வீடு, என்ர வேலை, இப்பிடி ஒரு பயணம், அது காணும்.”

மறுமுனையில் அவன் மூச்சு விட்டது எனக்கே கேட்டது, பாரம் இறக்கிய மூச்சு. “சரி அம்மா. உங்கட விருப்பம். எல்லாரும் அம்மாவைத் தனிய விட்டிட்டியோ, தனிய விட்டிட்டியோ எண்டு கேட்டவை, அதாலதான் நானும்… இவளின்ர அம்மா எங்களோட வந்து நிக்கிறா, பிள்ளைக்கு ஆள் இருக்கு. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ” என்றான். நல்லது தம்பி என்று சொல்லி மச்சாள் அழைப்பை முடித்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை சந்தோசத்தில். இத்தனை மாதம் நித்திரை கெட்டது வீணா என்று கேலி பண்ணினேன். மச்சாளும் சிரித்தார். தட்டில் ஏறி உட்கார்ந்து, தள்ளும் என்றார். தள்ளினேன். அவர் கூவிக்கொண்டு போனது அந்த வெளி முழுக்கக் கேட்டிருக்கும். பாதியில் தட்டு புரண்டது. நான் முழங்காலை நினைத்துப் பயந்து ஓடினேன். மச்சாள் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தலைமயிரெல்லாம் வெள்ளை மணல். நானும் பக்கத்தில் விழுந்தேன். சிரிப்பு அடங்கியபின் அவர் சொன்னார்.

“எனக்குச் சந்தோசம்தான் மச்சாள். போகமாட்டன் எண்டு சொல்லத்தானே வந்தனான். எண்டாலும், இன்னொருக்கால் கேட்டிருக்கலாம் அவன்.”

அவரின் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

இந்தக் கோடையில் மச்சாளின் மகன் குடும்பத்தோடு சூக்குக்கு வந்திருந்தான். ஒருநாள் எங்கள் வீட்டுச் சமையலறையில் அவனைத் தனியாகப் பிடித்து, அந்த மணலில் அம்மா சொன்னதைச் சொன்னேன். அவ வரமாட்டா, ஆனால் நீ கேள் என்றேன். அவன் தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். திரும்பிப் போகிற நாளில் விமான நிலையத்தில், குழந்தை ஒரு பக்கம் அழ, பெட்டிகள் ஒரு பக்கம் சரிய, வரிசையில் நின்றவன் அதை விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். “அம்மா, நீங்களும் எங்களோட வாங்கோவன்” என்றான்.

“இல்லைத் தம்பி, எனக்கு ஒக்டோபரில மொரோக்கோ போகவேணும்” என்றார் மச்சாள், அவன் சொல்லி முடிப்பதற்குள்ளேயே. ரயிலில் சூக் வரும்வரைக்கும், அவன் கேட்டதை என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார், நான் பக்கத்தில் நின்று கேட்டதே இல்லை என்பது போல.