எட்டுப் பச்சைக் கோடுகள்

பொன்னேரியைத் தாண்டியதும் ரயில் ஜன்னல் வழியே பார்த்தேன். நெல்வயலில் பறவைகளை விரட்டக் கயிற்றில் கட்டிய சிடிகள் பளபளவென்று சுழன்றுகொண்டிருந்தன. அந்தக் காலத்தில் எந்தக் கருவி வாங்கினாலும், கம்ப்யூட்டருக்கு அதை அறிமுகப்படுத்தக் கூடவே வருமே டிரைவர் சிடி, அது ஏதாவது இருக்குமோ என்று தலையை நீட்டிப் பார்த்தேன். அந்தச் சிடிக்கும் எனக்கும் பழைய பகை.

படிப்பு முடித்த கையோடு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இன்வெர்ட்டர் போர்டு செய்யும் ஒரு சின்ன ஷெட்டில் சேர்ந்தேன். ஈயம் உருகும் வாசனை மதியச் சோற்றில்கூட ஏறிவிடும். அங்கேதான் நானும் கூட வேலை பார்த்த தேவியும் எட்டு மைக்குகளை ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பதிவுசெய்யும் பெட்டியை உருவாக்கினோம். சர்க்யூட் அவளுடையது, உள்ளே ஓடும் புரோகிராம் என்னுடையது. எங்கள் பெருமையே டிரைவர் சிடி வேண்டாம் என்பதுதான். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் டிரைவரே போதும். பொன்னேரி சர்ச் பாடகர் குழுவிடம் காட்டுங்கள், அவர்களுக்குப் பிடித்தால் தயாரிப்போம், இல்லாவிட்டால் மறுபடி இன்வெர்ட்டர்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

குழுவை நடத்திய ஜோசப் அண்ணனுக்கு உருக்காலையில் ஷிப்ட் வேலை. அவர் லேப்டாப்பில் பெட்டியைச் செருகினோம். ஒன்றுமே வரவில்லை. மைக்குகளுக்கு முன்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள்.

“இன்னாப்பா, பேஜாரா கீது? சிடி கீதா? போட்டுப் பாக்கலாம்.”

“சிடியே வேணாம்னுதானண்ணா ஊரெல்லாம் சொல்லிக்கினு வந்தோம்” என்றாள் தேவி, அழாத குறையாக.

ஷெட்டுக்குத் திரும்பிய பிறகுதான் விளங்கியது. எங்களிடம் ஒரு ராசியான கம்ப்யூட்டர் இருந்தது. ஆயுத பூஜையன்று முதல் பொட்டு அதற்குத்தான். ராசி போய்விடுமென்று அதிலிருந்த எதையும் யாரும் அழிக்க மாட்டோம்; எல்லாச் சோதனையும் அதில்தான். நாங்கள் முதன்முதலில் எழுதிய சொந்த டிரைவர் அதன் வயிற்றுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது! செருகியதும் ‘நான் சாதாரண ஆடியோ கருவி’ என்று சொல்ல வேண்டிய பெட்டி, பழைய அடையாளத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த டிரைவர் இருந்ததால் ராசிக்காரருக்குப் புரிந்தது; மற்ற கம்ப்யூட்டருக்கு அது எப்படிப் புரியும்? எழுதிய மகராசன் நான்தான்.

அந்த அடையாளத்தை மாற்றினேன். இந்த முறை ராசிக்காரரை நம்பாமல் பெட்டியையும் மைக்குகளையும் தூக்கிக்கொண்டு பஜாரிலிருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடினோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு செருகினேன். திரையில் மைக்குக்கு ஒன்றாக எட்டுப் பச்சைக் கோடுகள் குதித்தன! தேவி போட்ட கூச்சலில் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

“இன்னாம்மா, ரிசல்ட் வந்துட்ச்சா?”

“வந்துட்ச்சுண்ணா! எட்டும் வந்துட்ச்சு!”

மறுநாள் சர்ச்சில் பதிவு முடிந்ததும் ஜோசப் அண்ணன் ஒவ்வொரு குரலையும் தனியாகக் கேட்டார். மூன்றாவதில் நின்றுவிட்டார்.

“எங்க ஊட்டுக்காரி கொரலு இதானா! இத்தினி வருசமா கூடவே பாடிக்கினு கீறேன், தனியா கேட்டதே இல்லியே!”

திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேட்டார். அந்த அக்கா வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கோ அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. முதலாளி பெட்டி தயாரிக்கச் சம்மதித்தார்.

அந்த ஷெட் இப்போது லாரி கோடவுன். பிரவுசிங் சென்டரில் செல்போன் கவர் விற்கிறார்கள். நேற்று என் மகள் போனில் ஒரு மைக்கைச் செருகினாள், பாட ஆரம்பித்துவிட்டாள். அது வேலை செய்கிறதா என்று திரையைப் பார்க்கக்கூட இல்லை. பக்கத்தில் நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.